ஒரே சாரம், இரண்டு கூலி

நம் ஊர்கள் பலவற்றில் கட்டடத் தொழிலாளர் சங்கத்தார் கூலி உயர்வை அறிவிக்கும்பொழுது, கொத்தனாருக்கு இவ்வளவு, பெரியாளுக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு என்று வரிசையாக எழுதி, வீடு கட்டுவோர் ஒத்துழைக்குமாறு விநயத்துடன் வேண்டும் பலகையொன்றைக் கடைத்தெருவில் வைப்பது வழக்கம். ஆனால் அதே தெருமுனையில், விடியுமுன்பே தூக்குவாளியும் கரண்டியுமாக வேலைக்குக் காத்து நிற்பவர்களிடம் அந்தப் பலகையின் அதிகாரம் செல்லுபடியாவதில்லை. ஏழு மணிக்கு முழுக் கூலி கேட்டவர், வெயில் ஏற ஏற, வெறுங்கையோடு வீடு திரும்ப அஞ்சிக் கிடைத்ததற்கு இசைந்துவிடுகிறார். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஒப்பந்தக்காரர் அழைத்துவந்து தகரக் கொட்டகையில் தங்கவைக்கும் இளைஞருக்கோ, முன்பணமும் சாப்பாட்டுச் செலவும் பிடித்தது போக மிஞ்சுவதே கூலி.

ஒரே சாரத்தில் ஏறி, ஒரே சுவரை எழுப்புகிற இருவருக்குள் கூலியில் இந்த வித்தியாசம் எப்படி வந்தது? பெரும்பாலும் அது கைத்திறனில் உள்ள பேதமன்று. ஒருவர் பலரோடு சேர்ந்து பேசுகிறார், மற்றவர் பசியோடு தனித்து நின்று பேசுகிறார் என்பதே காரணம்.

தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும், கட்டுமானச் செலவில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலனுக்கென வசூலிக்க வழிசெய்த 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டங்களும் சங்கங்கள் நெடுங்காலம் போராடிப் பெற்ற பேறுகள் என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் அவை பிள்ளைகளின் கல்விக்கும், விபத்துக்கும், முதுமைக்கும் துணைநிற்பனவேயன்றி, அன்றாடக் கூலியைப் பேசித் தருவன அல்ல. அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்சக் கூலியும், அதைக் கேட்கும் துணிவுள்ளவருக்கே கிட்டுகிறது. அந்தத் துணிவைத் தருவது சங்கம் ஒன்றே.

ஆகையால் சங்கத்தாருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். மலிவான கைகள் பக்கத்திலேயே காத்திருக்கும்வரை, உங்கள் பலகையில் எழுதிய கூலியும் நிலைக்காது. வடநாட்டுத் தொழிலாளியைப் போட்டியாளராகக் கருதி விலக்காமல், அவர் மொழியிலேயே அறிவிப்பு எழுதி அவரையும் அங்கத்தினராக்குங்கள். ஆயுள் முழுவதும் கல்லும் கலவையும் சுமந்தும் சித்தாளாகவே ஓய்வுபெறும் பெண்களின் கையில் கரண்டியைக் கொடுத்துக் கொத்துவேலை பழக்குங்கள். வீடு கட்டும் வாசகர்களே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் உங்கள் மேஸ்திரி ஒவ்வோர் ஆளுக்கும் என்ன கொடுக்கிறார் என்று கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமையும் கடமையும் உங்களுக்கு உண்டு.