ராட்சத டிரக்கும் ஒரு சிறு பொத்தானும்



பழைய கார்களை வரிசையாக நிறுத்தி, ஆளுயர டயர்கள் பூட்டிய வண்டியொன்றை அவற்றின்மேல் ஏற்றி அப்பளமாக நொறுக்குவதும் ஒரு விளையாட்டா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். அமெரிக்காவில் புகழ்பெற்ற ராட்சத டிரக் பந்தயங்களை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம். எரிபொருள் விரயம், இரைச்சல், தூசி ஆகிய குற்றச்சாட்டுகள் பொய்யல்ல. (மின்கலங்களால் ஓடும் ராட்சத டிரக்கையே 2012இல் செய்து காட்டிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.) ஆனால் இந்த விளையாட்டை எடைபோட வேறோர் அளவுகோல் இருக்கிறது என்பது என் கருத்து. இந்த வண்டியை எப்படி ஓட்டுகிறார்கள் என்பதைவிட, எப்படி நிறுத்துகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

இதைத் தொடங்கி வைத்தவர் பாப் சாண்ட்லர். மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே, நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் வண்டிகளுக்கான உதிரிபாகக் கடை வைத்திருந்தார். தம்முடைய 1974ஆம் ஆண்டு ஃபோர்டு டிரக்குக்குப் பெரிய டயர் மாட்டினார், அச்சு உடைந்தது. வலுவான அச்சு பொருத்தினார். உடனே இன்னும் பெரிய டயர்மீது ஆசை வந்தது! இப்படி வளர்ந்த வண்டிதான் 'பிக்ஃபுட்'. 1981இல் ஒரு வயலில் இரண்டு பழைய கார்களின்மேல் அதை ஏற்றிப் படம் பிடித்தார். அடுத்த ஆண்டே பெரிய அரங்குகளில் கூட்டம் அலைமோதியது.

இன்றைய ராட்சத டிரக்கின் எடை சுமார் 5 டன். டயரின் உயரம் 66 அங்குலம். மெத்தனாலில் இயங்கும் எஞ்சின் சுமார் 1,500 குதிரைத்திறன் தருகிறது. வெளியே தெரியும் உடல் வெறும் கண்ணாடி இழைக் கூடு. உள்ளே இருப்பது எஃகுக் குழாய்களால் பின்னிய சட்டம். இது 8 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். தரையைத் தொடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 4 லட்சம் ஜூல். அது எவ்வளவு தூரத்தில் அடங்குகிறது என்பதில்தான் ஓட்டுநரின் முதுகெலும்பு தப்புவது இருக்கிறது. முற்கால வண்டிகளில், சாதாரண லாரிகளில் உள்ளதுபோன்ற அடுக்கு வில்பட்டைகள்தாம் இருந்தன. அவை 15 செ.மீ. மட்டும் அமுங்கினால், தாக்கும் சராசரி விசை வண்டியின் எடையைப்போல் 50 மடங்குக்கும் மேல். இப்போதுள்ள நைட்ரஜன் நிரப்பிய அதிர்வு தாங்கிகள் 70 செ.மீ. வரை இறங்கிக் கொடுக்கின்றன. விசை சுமார் 12 மடங்காகக் குறைந்துவிடுகிறது. கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாரே, அதே தத்துவம்.

ஓட்டுநரைக் காக்க இவ்வளவு செய்திருக்கிறார்கள். பார்ப்பவரைக் காக்க?

1988இல் ராட்சத டிரக் பந்தயச் சங்கம் உருவானது. பாதுகாப்பு விதிகள் வந்தன. அவற்றுள் என்னைக் கவர்ந்தது ஒரு சிறு கருவி. களத்தின் ஓரத்தில் நிற்கும் அலுவலர் கையில் ஒரு வானொலி அலைபரப்பி இருக்கும். வண்டி தடம் மாறுகிறது என்று கண்டதும் பொத்தானை அழுத்துவார். உடனே எரியூட்டும் மின்சாரம் அறுந்து எஞ்சின் அணைந்துவிடும். 1,500 குதிரைகளையும் ஒரே விரலால் அடக்கும் இந்தப் பொத்தானே, என்னைக் கேட்டால், அந்த வண்டியின் மிகச் சிறந்த உறுப்பு.

ஆனாலும் நியூட்டனின் முதல் விதியைப் பொத்தான் மாற்றிவிடாது. எஞ்சின் அணைந்தால் உந்துவிசைதான் போகும். ஏற்கெனவே உள்ள வேகம் போகாது. விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் வேகம், விநாடிக்கு ஒரு மீட்டர் வீதம் குறைவதாக வைத்துக்கொள்ளுங்கள். நிற்பதற்குமுன் அது 112 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக்கை நன்றாக அழுத்தி, வேகம் விநாடிக்கு 5 மீட்டர் வீதம் குறைந்தாலும் 22 மீட்டர் வேண்டும்.

2013 அக்டோபரில் மெக்சிகோவின் சிவாவா நகரில் ஒரு டிரக் கார்களைத் தாண்டியபின் கூட்டத்துக்குள் பாய்ந்து 8 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு செப்டம்பரில் நெதர்லாந்தின் ஹாக்ஸ்பெர்கனில் இதே விதமாக 3 பேர் இறந்தனர். இரண்டும் திறந்த வெளியில் நடந்த காட்சிகள். மக்கள் வண்டிக்கு மிக அருகில், தரைமட்டத்தில் நின்றிருந்தார்கள். உள்ளரங்குகளிலும் ஆபத்து உண்டு. 2009இல் அமெரிக்காவின் டகோமா நகர அரங்கில், வண்டியிலிருந்து பிய்ந்து பறந்த உலோகத் துண்டு பட்டு 6 வயதுச் சிறுவன் மாண்டான்.

இவற்றை விதி என்று சொல்லிக் கடந்து போவதை நான் ஏற்கமாட்டேன். ஹாக்ஸ்பெர்கன் விபத்தை ஆராய்ந்த நெதர்லாந்துப் பாதுகாப்பு வாரியமும் ஓட்டுநரோடு நிறுத்திக்கொள்ளாமல், ஏற்பாட்டாளர்களையும் அனுமதி வழங்கிய நகராட்சியையும் குறைகூறியது. வண்டி ஓடும் திசைக்கு நேரே ஒருவரையும் நிறுத்தக்கூடாது. நிற்கத் தேவையான தூரத்தைக் கணக்கிட்டுக் காட்டாத மைதானத்துக்கு அனுமதியே தரக்கூடாது. டிக்கெட் குறைவாக விற்கும் என்பது ஒரு வாதமா?

அந்தக் கணக்கு உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது: வேகத்தின் வர்க்கத்தை, வேகம் குறையும் வீதத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். 15க்குப் பதில் 20 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. தூரம் எவ்வளவு கூடியது?