முதலில் படிக்க வேண்டிய ஆங்கிலம் ஆஃபர் லெட்டரில் இருக்கிறது

தமிழகத்தின் நடுத்தர ஊர்களில் பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் மையமாவது இருக்கிறது. கல்லூரிகளில் இறுதியாண்டு தொடங்கியதும் பிளேஸ்மென்ட் செல் சார்பில் சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்புகள் ஆரம்பமாகிவிடுகின்றன. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் தொழில் திறன்களோடு ஆங்கிலப் பயிற்சியைச் சேர்த்தே தருகிறது. இந்த முயற்சிகள் தேவையானவை. ஆனால் இங்கெல்லாம் அலுவலக ஆங்கிலம் என்ற பெயரில் சொல்லித் தரப்படுவது என்ன? தன்னை அறிமுகம் செய்துகொள்வது, குழு விவாதத்தில் பேசுவது, மேலாளருக்குப் பணிவாக மெயில் எழுதுவது, கூட்டத்தில் மாற்றுக் கருத்தை மென்மையாகச் சொல்வது. இவை நிறுவனத்துக்கு நம்மைப் பிடிக்க வைக்கும் ஆங்கிலம். அந்த நிறுவனம் நம்மோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம் பெரும்பாலும் பாடத்தில் இல்லை. வேலைக்குப் போகும் ஒருவர் முதலில் கற்க வேண்டியது இந்த இரண்டாவது வகையைத்தான் என்பது என் வாதம்.

இது தமிழகத்துக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி நாட்டின் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழகத்தில் அது 47. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்று, முதன்முதலாக மாதச் சம்பள வேலைக்குப் போகிற பிள்ளைகள் இங்கே ஏராளம். ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், அதை எடுத்துப் பார்த்து 'இந்த இடத்தில் கவனி' என்று சொல்ல அப்பாவோ மாமாவோ அந்த வீடுகளில் இருப்பதில்லை. அலுவலக வேலை தலைமுறை தலைமுறையாகப் பழகிய வீடுகளில் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழுந்துவிடுகிற சொற்கள், இந்தப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடும் நாளில்தான் முதன்முதலாகக் கண்ணில் படுகின்றன.

சி.டி.சி. என்ற மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் என்று கடிதம் சொல்கிறது. மாதம் 30,000 என்று வீடே கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கை நம்பி வாடகைக்கு வீடு பார்க்கப்படுகிறது, கல்விக் கடனின் தவணை திட்டமிடப்படுகிறது. ஆனால் சி.டி.சி. என்பது ஊழியரின் கைக்கு வரும் தொகை அல்ல. அவருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் கட்டும் 12 சதவீத பி.எஃப். 1,800 ரூபாய் அந்த 30,000-க்குள்ளேயே அடங்கும். பணிக்கொடையான கிராஜுவிட்டி என்ற பெயரில் அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், அதாவது சுமார் 721 ரூபாய், அதற்குள்ளேயே இருக்கும். மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 500, செயல்திறனைப் பொறுத்து மாறும் வேரியபிள் பே 3,000 என்று இருந்தால் அவையும் கழியும். மீதமுள்ள 23,979-லிருந்து ஊழியரின் பங்கான பி.எஃப். 1,800, தொழில் வரி சுமார் 208 போனால், வங்கிக் கணக்கில் ஏறுவது 22,000-க்கும் சற்றுக் குறைவு. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாமே கடிதத்தின் கடைசிப் பக்க இணைப்பில் இருக்கிறது. இருந்தும் ஏமாந்துவிட்டோம் என்ற உணர்வோடுதான் முதல் மாதம் தொடங்குகிறது.

அந்த 721 ரூபாயை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 1972-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே கிராஜுவிட்டிக்குப் பொதுவாக ஐந்தாண்டு தொடர் பணி தேவை. நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்பது கணக்கு. மூன்றாண்டில் வேறு நிறுவனத்துக்கு மாறுகிறவருக்கு, சி.டி.சி.யில் மாதந்தோறும் அவர் பெயரில் எழுதப்பட்ட அந்தத் தொகை வராது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குறிப்பிட்ட காலத்துக்கென நியமிக்கப்படும் ஃபிக்ஸ்டு டேர்ம் ஊழியர்களுக்கு மட்டும் இதை ஓராண்டாகக் குறைத்திருக்கின்றன. ஆக, கடிதத்தில் ஃபிக்ஸ்டு டேர்ம் என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்து ஒருவரின் பணம் மாறுகிறது. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதைப் பொறுத்து அவரது பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டுமே மாறுகின்றன. மெயிலை 'ரிகார்ட்ஸ்' என்று முடிப்பதா 'சின்சியர்லி' என்று முடிப்பதா என்பதைப் பொறுத்து எதுவும் மாறுவதில்லை.

அடுத்து, கடிதத்தின் நடுப்பக்கங்களில் வரும் நிபந்தனைகள். தொண்ணூறு நாள் நோட்டீஸ், அல்லது அதற்கு ஈடான சம்பளம். இதில் எது என்பது 'அட் தி சோல் டிஸ்கிரிஷன் ஆஃப் தி கம்பெனி'. இந்தக் கடைசி வரியைத் தாண்டிப் போய்விடுகிறவர், பணத்தைக் கட்டிவிட்டு அடுத்த மாதமே கிளம்பிவிடலாம் என்று நினைப்பார். முடிவெடுக்கும் உரிமை முழுவதும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பது, புதிய நிறுவனம் முப்பது நாளில் சேரச் சொல்லும்போதுதான் தெரியவரும். குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் தருகிறேன் என்று எழுதித் தரும் பாண்ட் விஷயத்தில் இரண்டு வகைத் தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. பாண்டை மீறினால் போலீஸ் பிடித்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். பாண்ட் வெறும் காகிதம், நீதிமன்றத்தில் நிற்காது என்று சிலர் துணிகிறார்கள். இரண்டுமே சரியல்ல. அது சிவில் விவகாரம். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. அதே நேரத்தில், மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. முன்கூட்டியே குறித்துவைக்கும் இழப்பீட்டைச் சொல்லும் லிக்விடேட்டட் டேமேஜஸ் என்ற தொடரைக் கண்டதும் 'இங்கே ஒரு தொகை எழுதியிருக்கிறதே, இது எதற்கு?' என்று கேட்கத் தெரிந்திருப்பதுதான் நான் சொல்லும் ஆங்கில அறிவு.

எல்லாவற்றிலும் விலை உயர்ந்த வேறுபாடு வேலையை விடும் நேரத்தில் வருகிறது. ஆட்குறைப்பின்போது மனிதவளத் துறை ஊழியரை ஓர் அறைக்கு அழைத்து, நீங்களே ரிசைன் செய்துவிடுங்கள், ரிலீவிங் லெட்டர் நல்லபடியாகத் தருகிறோம் என்று சொல்வது ஐடி துறையில் பலமுறை புகாராக எழுந்திருக்கிறது. ராஜினாமா என்றால் தானாக விலகுவது. ரிட்ரெஞ்ச்மென்ட் என்றால் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்வது. இரண்டாவதில், ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸும், நிறைவு செய்த ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் உண்டு என்று 1947-ம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டம் சொன்னது. இப்போதைய சட்டத் தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு நீடிக்கிறது. தொழிலாளி என்ற வரையறைக்குள் யார் வருவார் என்பதில் வழக்குகள் உண்டுதான். ஆனால் ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வியை எழுப்பும் வாய்ப்பே பெரும்பாலும் போய்விடுகிறது. ஒரே ஒரு சொல்லின் பொருள் தெரிந்திருந்தால், அந்த அறையில் 'யோசித்துச் சொல்கிறேன்' என்றாவது சொல்லத் தோன்றும்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. புதிதாகச் சேருகிறவருக்குப் பேரம் பேசும் பலமே கிடையாது. நிபந்தனை புரிந்தால் மட்டும் அது மாறிவிடுமா, கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த ஆள் காத்திருக்கிறாரே என்று கேட்பார்கள். கையெழுத்துப் போடும் நாளைப் பொறுத்தவரை இது பெருமளவு உண்மை. ஆயிரம் பேருக்கு ஒரே வடிவில் அனுப்பும் கடிதத்தில் ஒருவருக்காக ஒரு வரியைத் திருத்த மாட்டார்கள். ஆனால் பணி வாழ்க்கை அந்த ஒரு நாளோடு முடிவதில்லை. கையில் இரண்டு ஆஃபர் இருக்கும்போது எது உண்மையில் அதிகம் என்று ஒப்பிடுவது ஊழியரின் கையில்தான் இருக்கிறது. வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துவிடுவதா, யு.ஏ.என். என்ற பொதுக் கணக்கு எண் வழியாகப் புதிய கணக்குக்கு மாற்றுவதா என்பதை நிறுவனம் தீர்மானிப்பதில்லை. ஐந்தாண்டுத் தொடர் பணிக்கு முன் எடுத்தால் அந்தப் பணத்துக்குப் பொதுவாக வரி உண்டு. ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி வேண்டும் என்பதால் இடையில் ஓய்வூதியப் பகுதியையும் எடுத்துவிடுகிறவர் பழைய ஆண்டுகளை இழக்கிறார். நாமினேஷன் என்ற பகுதியை நிரப்புவது சில நிமிட வேலை. பணியில் இருக்கும்போது இறந்துபோகிற உறுப்பினரின் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கக்கூடிய காப்பீடு பி.எஃப். உறுப்பினர்களுக்கு உண்டு. நாமினேஷன் பகுதி காலியாக இருந்தால், துக்கத்தில் இருக்கும் குடும்பம் வாரிசுச் சான்றிதழுக்காக அலைய வேண்டிவரும். இவை எதற்கும் பேரம் பேசும் பலம் தேவையில்லை. புரிந்தால் போதும்.

முதலில் வேலை கிடைக்கட்டும், அதற்குப் பேச்சு ஆங்கிலம்தானே வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. நான் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைக்கச் சொல்லவில்லை. அதோடு, நேர்காணலின் கடைசிச் சுற்றில் கேட்கப்படுவதே இவைதான்: எக்ஸ்பெக்டட் சி.டி.சி. என்ன, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், ரொட்டேஷனல் ஷிஃப்டுக்குச் சம்மதமா, ரீலொகேட் ஆவீர்களா. சரளமாகப் பேசுகிறவர்களும் அங்கே தடுமாறுவது, கேள்வியின் பின்னால் இருக்கும் விஷயம் தெரியாததால். கைப்பேசியில் மொழிபெயர்த்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கும் இதுவே பதில். மொழிபெயர்ப்புக் கருவி வாக்கியத்தைத் தமிழாக்கும். இந்த நிபந்தனை வழக்கமானதா, இதற்குப் பின்னால் என்ன சட்டம் இருக்கிறது, இங்கே என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதை, கேட்கத் தெரியாதவருக்கு அது தானாக எடுத்துச் சொல்லப்போவதில்லை.

இவற்றைத் தமிழில் விளக்கினால் ஆங்கிலம் வராது என்று சில ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். கிராஜுவிட்டி என்றால் என்ன என்பதை ஆங்கிலத்திலேயே பத்து முறை கேட்டாலும், அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்காதவருக்கு அந்தச் சொல் சொந்தமாகாது. தமிழில் கணக்கு புரிந்துவிட்டால், அதே ஆங்கிலச் சொல்லை அடுத்த நாளே மெயிலில் தயங்காமல் எழுதுவார்.

தொழிலாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டத்துக்குப் புதிதும் அல்ல. 1946-ம் ஆண்டு நிலையாணைகள் சட்டம், ஆலையின் பணி விதிகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்கள் அறிந்த மொழியிலும் அறிவிப்புப் பலகையில் வைக்கச் சொன்னது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் அப்படியே அறிவிப்புகளை இரு மொழியில் கேட்டது. அன்றைக்குப் பஞ்சாலைத் தொழிலாளிக்குக் கிடைத்த இந்த மரியாதை, இன்று ஆங்கில வழியில் பட்டம் வாங்கியவர் என்ற ஒரே காரணத்தால் அலுவலக ஊழியருக்குத் தேவையில்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். பட்டம் ஆங்கிலத்தில் வாங்கியதாலேயே ஒப்பந்த ஆங்கிலம் புரியும் என்பது அநியாயமான ஊகம். தமிழகத்தில் ஆள் எடுக்கும் நிறுவனங்கள், ஆஃபர் லெட்டரோடு இரண்டு பக்கத் தமிழ் விளக்கத்தையும் இணைக்கலாம். சம்பளப் பிரிவு, நோட்டீஸ், பாண்ட் ஆகிய மூன்றையாவது அதில் சொல்லிவிட்டால் போதும்.

கல்லூரிகள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இறுதியாண்டு ஆங்கிலப் பாடத்தில் பத்து மணி நேரம் ஒதுக்கி, பெயர்களை மறைத்த ஓர் ஆஃபர் லெட்டர், ஒரு பே ஸ்லிப், ஒரு பி.எஃப். பாஸ்புக் பக்கம் ஆகியவற்றையே பாடப்பகுதியாக வைக்கலாம். வணிகவியல் ஆசிரியர் கணக்கைச் சொல்லித் தரட்டும், ஆங்கில ஆசிரியர் வாக்கியத்தைச் சொல்லித் தரட்டும். தேர்வில், உடல்நிலை சரியில்லை என்று முதல்வருக்கு எழுதும் விடுப்புக் கடிதத்துக்குப் பதிலாக இப்படி ஒரு கேள்வி வரலாம்: வேலையை விட்டு வாரக்கணக்கில் ஆகியும் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் வரவில்லை, மனிதவளத் துறைக்கு ஒரு மெயில் எழுதுக. மாணவர் அதில் தன் லாஸ்ட் வொர்க்கிங் டேவைக் குறிப்பிட வேண்டும். எடுக்காத விடுப்புக்கான லீவ் என்கேஷ்மென்ட் எத்தனை நாளுக்கு என்றும், நோட்டீஸ் ரெக்கவரி என்று பிடித்த தொகை எந்த நிபந்தனையின்படி என்றும் கேட்க வேண்டும். ஒருவர் வேலையிலிருந்து விலகினாலும் விலக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியத்தைத் தந்துவிட வேண்டும் என்ற ஊதியச் சட்டத் தொகுப்பின் 17-வது பிரிவைப் பணிவான ஒரே ஆங்கில வாக்கியத்தில் நினைவூட்ட வேண்டும். ரிலீவிங் லெட்டர் எந்தத் தேதிக்குள் வரும் என்ற கேள்வியோடு மெயிலை முடிக்க வேண்டும். முழு மதிப்பெண்ணும் அந்த மெயிலுக்கே கொடுக்கலாம்.