கூடு விட்டுக் கூடு பாய்ந்த தாத்தாக்கள்

இரண்டாம் பாகம் என்றாலே இலக்கிய வாசகரிடையே ஓர் இளக்காரம் உண்டு. முதற்படம் பணம் ஈட்டியது, ஆகவே அடுத்தது வந்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த ஐயம் பெரும்பாலும் நியாயமானதே. ஆயினும் தமிழ் பயின்றோர் இவ்விளக்காரத்தைச் சற்று அடக்கிக்கொள்வது நல்லது. நம் இரட்டைக் காப்பியங்களுள் ஒன்று மற்றொன்றின் தொடர்ச்சி. சிலம்பின் நாயகன் கொலையுண்டான், நாயகி விண்ணேகினாள், எஞ்சி நின்ற மாதவியின் மகளை முன்னிறுத்திச் சாத்தனார் கதை நடத்தினார். அதில் வான்வழிப் பயணம் உண்டு. மணிபல்லவம் என்னும் தீவு உண்டு. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி உண்டு. வேற்றுருக் கொள்ளும் மந்திரம் உண்டு. தருக்கப் பகுதிகளை மட்டும் ஒதுக்கிவிட்டுச் சிறுவர்க்குச் சொன்னால் அதைவிட விறுவிறுப்பான மாயக்கதை வேறில்லை என்பதை வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறோம். (தருக்கப் பகுதிகளையும் விடாமல் கற்பிக்கும் கடமை நமக்கு உண்டு என்பது வேறு செய்தி.)

இம்முன்னுரை, 'ஜுமாஞ்சி: தி நெக்ஸ்ட் லெவல்' என்னும் ஆங்கிலப் படத்தைப் பற்றிச் சில சொல்வதற்காக. ஓர் இலக்கியப் பக்கத்தில் இப்படத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் இறுதிவரை பொறுத்தருள வேண்டும்.

1981இல் கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் எழுதி வரைந்த சிறுவர் படநூல் ஒன்றே இதன் வேர். அமெரிக்காவில் படநூல்களுக்கு வழங்கப்பெறும் கால்டெகாட் பதக்கத்தை 1982இல் அது பெற்றது. 1995இல் ராபின் வில்லியம்ஸ் நடிக்கத் திரைப்படமாயிற்று. தாயக்கட்டை உருட்டி ஆடும் ஒரு பலகை விளையாட்டு. உருட்டும்போதெல்லாம் அடுத்து வரவிருக்கும் ஆபத்தைப் பலகை விடுகதைபோலச் செய்யுளில் சொல்லும். காடே வீட்டுக்குள் புகுந்துவிடும். 2017இல் வந்த தொடர்ச்சியில் பலகை காணொளி விளையாட்டாக மாறியது. காடு வீட்டுக்குள் வருவதற்கு மாறாக, ஆடுவோர் காட்டுக்குள் இழுக்கப்பட்டனர். அங்கே அவர்களுக்கு வேறுடல். கூச்சம் மிகுந்த நோஞ்சான் பையன் டுவைன் ஜான்சனின் மலைபோன்ற உடலில் விழித்தெழுவான். ஒவ்வொருவருக்கும் மூன்று உயிர்; கையில் கோடுகளாக அவை தெரியும்.

அடுத்தது 2019 டிசம்பர் 13 அன்று ஆங்கிலத்துடன் இந்தி, தமிழ், தெலுங்கு ஒலிகளிலும் இந்தியத் திரைகளுக்கு வந்தது. தென்காசி தனி மாவட்டமாகி அன்றைக்குச் சரியாக மூன்று வாரம். ஊரில் பேச்செல்லாம் புது ஆட்சியர் அலுவலகம் எங்கே அமையும் என்பதாகவே இருந்தது. படத்தைப் பேசியோர் சிலரே. 2020 மார்ச் நடுவில் அமெரிக்காவில் இது குறுந்தகடாக வெளிவந்தது. அடுத்த வாரமே நம் நாட்டில் ஊரடங்கு. திரையரங்குகள் மூடிக்கிடக்க, தாத்தாவும் பேரனும் ஒரே கூடத்தில் நாளெல்லாம் அடைபட்ட காலம் அது. வீட்டிலிருந்து காண்பதற்கென்றே அளவெடுத்துத் தைத்த படம்போல இது அமைந்துவிட்டது தற்செயல்தான். உலக அளவில் ஏறத்தாழ 80 கோடி டாலர் ஈட்டியதாம். முந்தையது ஈட்டியது 96 கோடி. கணக்குப்படி இது இளைத்த தம்பி. நம் கணிப்பில் தம்பியே தேறியவன்.

காரணம், இதில் உடல் மாறுவோர் கிழவர்கள். விளையாட்டுப் பெட்டி பழுதாகிவிட்டதால் யார் எந்த உடலில் புகுவது என்பதைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. பேரனைத் தேடி நண்பர்கள் உள்ளே செல்கையில், மாடியில் இருந்த தாத்தா எட்டியும் அவருடைய பழைய பங்காளி மைலோவும் சேர்ந்து விழுங்கப்படுகின்றனர். இருவரும் ஒருகாலத்தில் கூட்டாக உணவகம் நடத்தியவர்கள். மைலோ தொழிலைக் கைவிட்டதில் மூண்ட பிணக்கு நெடுநாளாக ஆறாமல் கிடக்கிறது. டேனி டிவிட்டோவின் எட்டி, ஜான்சனின் உடலில் விழித்து, வலியில்லாத தம் இடுப்பை வியந்து வியந்து அசைத்துப் பார்க்கிறார். டேனி குளோவரின் மைலோவோ, கெவின் ஹார்ட் என்னும் படபடப்பான குட்டை மனிதரின் உடலுக்குள். தீக்கோழி ஆபத்தானதா என்று கேட்டால், ஆற அமர, முன்னுரையோடு, கிளைக்கதையோடு விளக்குகிறார் மைலோ. அதற்குள் தீக்கோழிக் கூட்டமே வந்துவிடுகிறது. நம் வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து சென்றவர்போல அவர் தோன்றினார்.

இறுதிப் பகுதியே நம்மை எழுதத் தூண்டியது. வழியில் மைலோ சிறகுடைய குதிரை ஒன்றின் உடலுக்குள் புகுந்துவிடுகிறார். ஆட்டம் முடிந்து யாவரும் வீடு திரும்பும் வேளையில், அவர் வரவில்லை என்கிறார். உண்மையுடல் நோயால் அழிந்துகொண்டிருக்கிறது. அதைச் சொல்லிப் பிணக்கைத் தீர்க்கவே நண்பரைத் தேடி வந்திருந்தார். அங்கே திரும்பி என்ன செய்ய? இங்கே பறக்கலாம், காவல் நிற்கலாம். நண்பர்கள் விடைபெறுகின்றனர். சாவைப் பற்றி ஒரு சொல்லும் உரத்துச் சொல்லாமல், எட்டு வயதுப் பிள்ளைக்கும் எண்பது வயதுப் பெரியவருக்கும் ஒருசேர விளங்குமாறு சாவைச் சொல்லிவிட்டார் இயக்குநர் ஜேக் காஸ்டன். அதற்குப்பின் எட்டி தாத்தாவுக்கு முதுமையின் அருமை விளங்கிவிட்டதாகக் காட்டுவது ஹாலிவுட்டின் வழக்கமான பாயசம். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இந்தக் கதை நமக்குப் புதிதா? பெரியபுராணம் கூறும் திருமூலரை எண்ணிப் பாருங்கள். கயிலையிலிருந்து, அகத்தியரைக் காண, நம் ஊருக்குத் தெற்கே நிற்கும் பொதிகையை நோக்கிப் புறப்படுகிறார் ஒரு யோகி. காவிரிக் கரையில், சாத்தனூரருகே, இறந்துபட்ட இடையன் மூலனைச் சுற்றி நின்று பசுக்கள் கதறுவதைக் காண்கிறார். பசுக்களின் துயர் பொறாமல் தம் உடலை மறைத்துவைத்துவிட்டு மூலனின் உடலில் புகுகிறார். ஆநிரையை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பினால், வைத்த இடத்தில் தம் உடல் இல்லை. மூலனின் மனைவி வந்து அழைக்கிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார். பிறகு அந்த இடையன் உடலிலேயே எஞ்சிய வாழ்வு. மைலோ திரும்ப மறுத்தவர்; மூலர் திரும்ப வழியற்றவர். இரண்டிலும் ஒரு வாயில்லாப் பிராணி நடுவே நிற்கிறது. மூலனின் மனைவி அன்றிரவு என்ன ஆனாள் என்பதைச் சேக்கிழாரிடம் கேட்கவும் தோன்றுகிறது. ஜுமாஞ்சியில் அப்படிக் கேட்க ஆளில்லை. மைலோவுக்கென்று அழ ஒரு வீடு காட்டப்படவில்லை. அவ்வளவில் நம் கதை ஆழமானது.

சாத்தனாரிடமும் இது உண்டு. உதயகுமரனிடமிருந்து தப்புவதற்காக மணிமேகலை காயசண்டிகையின் வடிவம் கொள்கிறாள். உண்மைக் காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் அவளைத் தன் மனைவியென்றே நம்பி, பின்தொடர்ந்து வந்த உதயகுமரனை வெட்டி வீழ்த்துகிறான். கையில் மூன்று உயிர்க்கோடுகள் இல்லாத உலகம் அது. வேற்றுருவுக்கு ஒருவன் தன் ஒற்றை உயிரை விலையாகக் கொடுத்தான். விக்கிரமாதித்தன் கிளியுடல் புகுந்த கதையை ஆச்சிமார் சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இவையெல்லாம் அன்றாடச் சோறு. நம் பகுதி இசுலாமியர் இல்லங்களில் வேறொரு செல்வமும் இருந்தது: மசலா, கிஸ்ஸா, நாமா, படைப்போர் என விரியும் தமிழ் நூல்கள். அவற்றுள் வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா' 1572இல் அரங்கேறியது. மசலா என்றாலே வினா. வினாவுக்கு வினா விடை சொல்லி ஏறிச்செல்லும் அமைப்புக்கும், படிக்குப் படி புதிர் அவிழ்த்து ஏறும் விளையாட்டுக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். திரையரங்கில் எந்த மொழியில் படம் ஓடுவது என்பதை விநியோகஸ்தர் முடிவு செய்வார். வீட்டில் அதை முடிவு செய்வது ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர். குறுந்தகடாயினும் இன்றைய இணையவழித் திரையாயினும் ஒரே படத்துக்குள் பல ஒலித்தடங்கள் இருக்கின்றன. கடையநல்லூர் போன்ற ஊரில் இது சிறிய செய்தி ஆகாது. தறி தளர்ந்த காலத்தில் கடல் கடந்தவர்களின் ஊர் இது. சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது 1941இல். பின்னர் வளைகுடா. எண்பதுகளில் அங்கிருந்து வந்தவர்கள் கொணர்ந்த டெக்கும், ஓரிரவு வாடகைக்கு எடுத்த கேசட்டுகளும், விடிய விடியக் கூடத்தில் அமர்ந்த தெருவாரும் நம் வயதினர்க்கு மறவா. பின்னர் விசிடி வந்தது. மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கும் 34 ரூபாய்க்கும் தகடுகளை விற்றபோது மளிகைக் கடையிலும் படம் தொங்கியது. 2018இல் அந்நிறுவனமே கலைப்புக்கு உள்ளாயிற்று. தகடும் ஏறக்குறைய மறைந்தது. எஞ்சியிருப்பது கூடமும், அதில் அமர்ந்திருக்கும் மூன்று தலைமுறையும்.

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்தோ சென்னையிலிருந்தோ பேரப்பிள்ளைகள் வருகின்றனர். அவர்களுக்கு ஆங்கில ஒலித்தடம் வேண்டும். தாத்தாவுக்குத் தமிழ். பல வீடுகளில் நாம் காண்பது ஒன்றே: ஐந்து நிமிடம் தமிழில் ஓடும், பிள்ளைகள் முகம் சுளிப்பர், ஆங்கிலத்துக்கு மாற்றப்படும், தாத்தா எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். தாத்தாவைப் பற்றிய படத்திலிருந்து தாத்தா வெளியேறுகிறார்.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. ஆங்கிலப் படங்களுக்கு வாய்த்துவரும் தமிழ் அத்தகையது. யார் பேசினாலும் ஒரே சென்னைக் கொச்சை. நினைத்த இடத்தில் ஒரு ரஜினி வசனம், ஒரு வடிவேலு வசனம். பாத்திரம் சிரிக்காத இடத்திலும் சிரிப்பைத் திணிக்கும் துணுக்கு. மேற்சொன்ன படத்திற்கு இந்த முறை நஞ்சு. அதன் நகைச்சுவையும் துயரமும் ஒன்றையே நம்பியிருக்கின்றன: ஜான்சனின் வாய் திறக்கும்போது உள்ளே இருப்பவர் டிவிட்டோ என்று நாம் காதால் அறிய வேண்டும். எல்லாரும் ஒரே கொச்சையில் பேசினால் எந்த உடலுக்குள் எவர் என்பது எப்படித் தெரியும்? குரலை இழந்தால் கதையே இல்லை.

ஆங்கில நடிகர்கள் இதைக் குரலின் ஏற்ற இறக்கத்தால் சாதிக்கின்றனர். ஆங்கிலத்தைக் காட்டிலும் கூரிய கருவி நம்மிடம் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். தொல்காப்பியர் சொற்களை நால்வகைப்படுத்தியபோது திசைச்சொல்லையும் ஒரு வகையாக வைத்து மதித்தார். ஒரே வாக்கியத்தில் பேசுபவரின் ஊர், வயது, உறவுமுறை மூன்றையும் காட்டும் வளம் நம் வட்டாரப் பேச்சுக்கு உண்டு. மலைபோன்ற அந்த வீரன் வாய்திறந்து, “ஏல, இங்கன வா… கண்ணு நல்லாத் தெரியுதுல்லா!” என்று சொல்லட்டும். உள்ளே இருப்பவர் தென்காசிப் பக்கத்துத் தாத்தா என்பது எந்தப் பிள்ளைக்கும் நொடியில் விளங்கும். மைலோவுக்கு வேறு வட்டாரம் கொடுக்கலாம். கோவைப் பேச்சின் நிதானம் அவருக்குப் பொருந்தும். பேரன்மார் இன்றைய கலப்புத் தமிழே பேசட்டும். அப்போது உடல் மாறும் ஒவ்வொரு முறையும் மொழியும் மாறும். அந்த மாற்றத்தைத் தொடர்ந்து கேட்பதற்காகவே பிள்ளைகள் தமிழ் ஒலித்தடத்தில் நிலைப்பர் என்பது நம் நம்பிக்கை. சிங்கப்பூரில் வளர்ந்த பேரன், தாத்தாவின் பேச்சைக் கேலிக்குரியதாகக் கருதாமல் ஒரு வீரனின் வாயிலிருந்து கேட்பான்.

சொந்தமாக இத்தகைய படம் எடுக்கலாமே என்பர். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் நம் பக்கத்து வரலாறு ஊக்கம் தருவதாயில்லை. செங்கோட்டைக்கு அப்பால், மலையாளத்தில், 1984இல் ஜிஜோ புன்னூஸ் இயக்கிய 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். தமிழிலும் சக்கைபோடு போட்டது. அந்தச் சாத்தானுக்கு ஓர் இரண்டாம் கதையை எவரும் எழுதவில்லை. மாறாக, 2010இல் பிரகாஷ்ராஜும் சந்தானமும் நடித்த புதுக்காட்சிகளை இடையிடையே சேர்த்துச் 'சுட்டிச் சாத்தான்' என்று தமிழில் மீண்டும் வெளியிட்டனர். தொடர்ச்சி வேண்டிய இடத்தில் ஒட்டுப்போட்டார்கள். அதையும் வீட்டுத் திரையில் போட்டுப் பாருங்கள்: கண்ணாடியின்றி, நம் மூக்கருகே நீளவேண்டிய பொருளெல்லாம் காரணமில்லாமல் காமிராவை நோக்கி நீண்டு நிற்கும். வித்தை போனபின் வீட்டில் எஞ்சுவது கதையும் குரலும்தான்.

ஆதலின் உடனடியாகக் கைகூடக்கூடியது ஒலிமாற்றத்தைத் திருத்துவதே. அதை மொழிபெயர்ப்பு என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ருஷ்ய நாவலைத் தமிழாக்கியவரின் பெயரை அட்டையில் தேடி, அவர் நடையைப் பற்றிப் பக்கம் பக்கமாக நாம் சண்டையிடுகிறோம். நாவல் வாசிக்காத ஆயிரமாயிரம் பிள்ளைகள் வீட்டில் கேட்கும் தமிழை எழுதுபவர் யார் என்று ஒருமுறையேனும் கேட்டிருக்கிறோமா? நாம் கண்ட தகட்டு அட்டைகளில் ஒலித்தடங்களின் பட்டியலில் 'தமிழ்' என்ற ஒரு சொல் இருந்தது. அதை எழுதியவர் பெயர் இல்லை. அதற்கு உரிய ஊதியமும் பெயரும் தந்து, வட்டார வழக்கில் தேர்ந்த நம் சிறுகதையாசிரியர் ஒருவரிடம் அடுத்த படத்தை ஒப்படைத்துப் பார்க்கலாம். இப்பக்கத்தை வாசிப்போரிலேயே அதற்குத் தகுதியுடையோர் நால்வரையேனும் நாம் அறிவோம்.