நிலவுரிமையும் ஆளுகைப் பங்கேற்பும்: பழங்குடி ஊர்களின் சமூகம்சார் சுற்றுலாவை முன்வைத்து ஒரு கருத்துரை

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் பழங்குடி ஊர்களில் கடந்த கால் நூற்றாண்டாகச் சமூகம்சார் சுற்றுலா பரவி வருகிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் வயணப்பட்டை உரித்து வந்தோர் பயணியருக்கு வழிகாட்டிகளாயினர். ஆனைமலை வழியே செல்லும் பரம்பிக்குளத்தில் காடர், மலசர், முதுவர், மலைமலசர் ஆகியோர் சூழல் மேம்பாட்டுக் குழுக்களின்வழி சுற்றுலாப் பணிகளில் ஈடுபடுகின்றனர். இம்முயற்சிகள் வருவாய் தந்தன. காட்டின்மீதான அழுத்தத்தையும் குறைத்தன. இதனை மறுப்பதற்கில்லை. எனினும், சுற்றுலா நிகழும் நிலத்தின்மீது ஊருக்கு உரிமை இல்லாதவிடத்துப் பங்கேற்பு என்பது கூலி வேலையாகவே எஞ்சும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

நிலமும் தகுதியும்

நிலவுடைமைக்கும் ஆளுகைக்கும் உள்ள பிணைப்பு நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெரிதும் போற்றப்படுகின்றன. அதே கல்வெட்டு, வாரியத்திற்குத் தெரிவு செய்யப்படுவோர் கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராகவும், 35 முதல் 70 வயதிற்கு உட்பட்டவராகவும் இருத்தல் வேண்டும் என விதிக்கிறது. அச்சபை ஒரு பிரமதேயத்தின் சபை. நிலமற்ற உழுகுடிக்கு அதில் இடமில்லை. குடவோலையை மக்களாட்சியின் தொன்மைச் சான்றாகக் காட்டும் நாம், நிலமில்லாதவனுக்கு முடிவெடுக்கும் இடமும் இல்லை என்று அக்கல்வெட்டு கூறுவதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இன்றைய சுற்றுலாக் குழுக்களில் இவ்விதி எழுதப்படவில்லை, ஆனால் செயற்படுகிறது. பெரும்பாலான மாநிலங்களில் இக்குழுக்களின் செயலாளர் வனத்துறை அலுவலரே. படகு எப்பொழுது இயங்கும், எத்தனை பேர் அனுமதிக்கப்படுவர், கட்டணம் எவ்வளவு என்பவற்றில் இறுதிச் சொல் நிலத்தைத் தன் ஆளுகையில் வைத்திருக்கும் துறையிடமே உள்ளது. அரசாணைகளின் மொழியும் இதனை வெளிப்படுத்துகிறது. ஊரார் அங்கே 'பயனாளிகள்', 'உரிமையர்' அல்லர். இறைக்கணக்கிற்குப் புறம்பான நிலத்தைக் குறித்த 'புறம்போக்கு' என்னும் சொல் எவ்வாறு மனிதரை இகழும் வசைச்சொல்லாயிற்று என்பதை அறிந்தோர்க்கு, ஆவணச் சொல்லின் ஆற்றலை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் தருவதும் நடைமுறை மறுப்பதும்

தமிழகத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லை. ஆகவே 1996 ஆம் ஆண்டின் பட்டியல் பகுதி ஊராட்சி விரிவாக்கச் சட்டம் இங்குப் பொருந்தாது. பழங்குடி ஊர்களுக்கு எஞ்சியுள்ள வலுவான வழி 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே. சமூக வன வளத்தைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் ஊருக்குள்ள உரிமையை அது ஏற்கிறது. உரிமை கோரலைத் தொடங்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு வழங்குகிறது. பள்ளி, சாலை, குடிநீர் முதலிய 13 வகைப் பொதுவசதிகளுக்குச் சிறிதளவு வனநிலத்தைப் பயன்படுத்த அச்சட்டம் இடமளிக்கிறது. அதற்கும் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அப்பட்டியலில் சுற்றுலா இல்லை.

இந்நிலையில், வனப் பாதுகாப்புச் சட்டத்தில் 2023 இல் செய்யப்பட்ட திருத்தம் கவலைக்குரியது. வனத்துறையின் செயல்திட்டத்தில் இடம்பெற்ற சூழல் சுற்றுலா வசதிகள் இனி 'வனம்சாராப் பயன்பாடு' எனக் கருதப்படா. பள்ளிக்கூடம் கட்ட ஊரின் பரிந்துரை வேண்டும். தங்கும் விடுதி கட்டத் துறையின் திட்டத்தில் ஒரு வரி போதும் என்ற நிலை இதனால் உருவாகக்கூடும். இதற்கு மாற்று வன உரிமை விதிகளிலேயே உள்ளது. 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கிராம சபை அமைக்கும் குழு தனக்கான மேலாண்மைத் திட்டத்தை வகுத்து, அதனைத் துறையின் செயல்திட்டத்தோடு இணைக்கலாம். அவ்வாறு இணைக்கப்படாத செயல்திட்டத்தின் பெயரால் எந்தச் சுற்றுலாக் கட்டுமானமும் தொடங்கப்படலாகாது.

உரிமை வழங்கினால் நிலம் விடுதி முதலாளிகளின் கைக்குப் போய்விடும் என்று சிலர் அஞ்சுவர். வன உரிமை மரபுரிமையாக வழிவழி இறங்குமேயன்றி விற்கவோ மாற்றவோ இயலாதது எனச் சட்டமே வரையறுத்துள்ளது. நிலம் பறிபோவது உரிமை வழங்கப்பட்ட இடத்தைவிட, உரிமை வரையறுக்கப்படாத இடத்திலேயே எளிது.

ஊருக்குள் உள்ள ஏற்றத்தாழ்வு

ஊர் என்பது ஒருமுகமான முழுமையன்று. தங்கல் வீடு நடத்த வசதியுள்ள குடும்பத்திற்கு வருவாய் குவிய, சமைப்பவரும் சுமப்பவரும் நாட்கூலி பெறும் நிலை ஒரே ஊரிலும் தோன்றலாம். கிராம சபையில் பாதிப்பேர் வருகை தர வேண்டும், வந்தோருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாதல் வேண்டும் என்னும் விதியும், உரிமைப் பட்டயம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் அமைதல் வேண்டும் என்னும் விதியும் சுற்றுலா வருவாய்ப் பகிர்வுக்கும் அடிப்படையாதல் வேண்டும். பல ஊர்கள் அடங்கிய ஊராட்சியின் சபையில் பழங்குடியினர் சிறுபான்மையராகிவிடுவர். எனவே சபை குடியிருப்பு அளவில் கூடுதலே பொருத்தமானது.

முடிவுரை

இச்சிக்கல் தமிழ் ஆய்வுலகிற்கு அப்பாற்பட்டதன்று. வன உரிமை விதிகள் முதியோர் வாய்மொழி, குலமரபு வரலாறு, இடுகாடு, வழிபாட்டிடம், பழங்கிணறு ஆகியவற்றைச் சான்றுகளாக ஏற்கின்றன. நாட்டார் வழக்காற்றியலும் இடப்பெயராய்வும் பல்லாண்டுகளாகத் திரட்டி வருபவை இவையே. நம் துறைகளின் ஆய்வேடுகளில் உறங்கும் களத்தரவு ஓர் ஊரின் எல்லையை நிறுவும் சான்றுக்குத் துணையாகக்கூடும். தரவைத் தந்த ஊருக்கு அதன் படியொன்றைத் திருப்பியளிப்பதை ஆய்வு நெறியாகவே நாம் கொள்ள வேண்டும். திணை என்று நிலத்தையும் வாழ்வையும் ஒன்றாகக் கண்ட மரபைக் கற்பிக்கும் துறைகள், அந்நிலத்தில் வாழ்வோரின் உரிமை குறித்து வாளாவிருத்தல் தகாது.