தூண்டில் சிக்கினால் அறுத்து விடுங்க

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் பக்கம் விருந்தாளிகளும் வந்துவிடுவார்கள். ஸ்ரீரங்கத்துக்குக் கிழக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் வாழையும் நெல்லும் போடுகிற ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாழைக்குத் தண்ணி பாய்ச்சப் போனால் கரையோரமா பைக் வரிசையா நிக்கும். திருச்சி டவுன்ல இருந்து வர்ற பசங்க, பெல், துவாக்குடி பக்கம் வேலை பார்க்கிறவங்க, லீவுக்கு வந்த சென்னைக்காரங்க. எல்லார் கையிலும் மூங்கில் கழிக்குப் பதிலா கார்பன் ராடு, ரீல், டப்பா நிறைய கலர் கலரா ரப்பர் தவளை. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆற்றை மறந்துபோன தலைமுறைன்னு நாம் சொல்லிக்கொண்டிருக்க, அவர்கள் ஆற்றைத் தேடி வருகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

அவங்க கிட்ட பேச்சுக் கொடுத்தா மீனை விட நஷ்டக் கணக்குதான் அதிகமா வரும். ராடு நுனி ஒடிஞ்சது. ரீலுக்குள்ள மணல் போயி கரகரன்னு சத்தம் வருது. 400 ரூபா லூர் முதல் வீச்சிலேயே எதிலயோ மாட்டிக்கிச்சு. குனியும்போது சட்டைப்பையில் இருந்த போன் ஆத்துக்குள்ள போயிடுச்சு. இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற விஷயம். அடுத்த வாரம் டீக்கடையில் சொல்லிக் கொண்டாட ஒரு கதை.

ஆனா ஒரு விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வர்றதில்லை. மாட்டிக்கிட்ட முள்ளை எடுக்க ஆத்துக்குள்ள இறங்குறது.

நான் இந்தப் பதிவில் சொல்ல வந்தது இது ஒன்றுதான். ஆற்றில் எது சிக்கினாலும் நரம்பை அறுத்து விட்டுட்டு வாங்க. எவ்வளவு விலையா இருந்தாலும் சரி. "முழங்கால் தண்ணிதானே அண்ணே, எட்டி எடுத்துட்டு வந்துடுறேன்"னு சொல்ற தம்பிக்குத் தெரியாது, அந்த முழங்கால் தண்ணிக்கு அடுத்த எட்டில் என்ன இருக்குன்னு.

எங்க தாத்தா காலத்தில் வலை எங்கே சிக்கும் என்பது ஊருக்கே தெரியும். இந்த இடத்தில் மருத மர வேர், அந்த இடத்தில் நாணல் தூர், அதைத் தாண்டினால் சுத்தமான மணல். வெள்ளம் வந்தால் கொஞ்சம் இடம் மாறும், அவ்வளவுதான். அப்போ ஆற்றின் அடிவயிறு ஒரே சீராக இருந்தது. சரிவு மெதுவாக இறங்கும். கால் வைத்துப் பார்த்துப் பார்த்துப் போகலாம்.

இப்போ அப்படி இல்லை. மணல் அள்ளிய இடமெல்லாம் பள்ளம். மேலே பார்த்தால் தண்ணீர் ஒரே மட்டமாகத்தான் தெரியும். ஒரு அடி முழங்கால், அடுத்த அடி தலைக்கு மேல். பள்ளத்தின் விளிம்பு வெறும் பொலபொல மணல், மிதிச்சதும் சரிஞ்சு ஆளையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகும். நீச்சல் தெரிஞ்சவனே தடுமாறிப் போவான். ஜீன்ஸ் பேண்ட்டும் ஷூவும் போட்டுக்கிட்டு இறங்குறவன் நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

இன்னொன்று, 2018 ஆகஸ்ட். அந்த வருஷம் மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் கரை முட்டத் தண்ணீர் போனதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஸ்ரீரங்கத்தையும் நம்பர் 1 டோல்கேட்டையும் சேர்த்த கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலம், 1928-ல் கட்டியது, அந்த வெள்ளத்தில் தூண்கள் இடிந்து விழுந்தது. பக்கத்தில் 2016-லேயே புதுப் பாலம் திறந்து போக்குவரத்தை மாற்றி இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அதே மாதம் 22-ம் தேதி ராத்திரி முக்கொம்பில் 45 மதகு இருந்த கொள்ளிடம் மேலணையில் 9 மதகு அடித்துக்கொண்டு போனது. 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய அணை அது. இப்போது புதுக் கதவணை கட்டியாச்சு, பழைய பாலத்தையும் பிரிச்சாச்சு. ஆனால் ஆற்றில் விழுந்தது எல்லாமே கரையேறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பாலம், தடுப்பணை, கரைச்சுவர் இருக்கிற இடத்திலெல்லாம் தண்ணிக்குள்ள உடைஞ்ச கான்கிரீட்டும் நீட்டிக்கிட்டு நிக்கிற கம்பியும் உண்டு. மீனுக்கு அது நல்ல வீடு. அதனால்தான் தூண்டில்காரர்களுக்கும் அந்த இடம் மேல ஆசை. முள்ளு மாட்டுறதும் அங்கேதான்.

தடுப்பணைக்குக் கீழ்ப்பக்கம் இன்னும் மோசம். மேலே இருந்து விழுகிற தண்ணி அடியில் சுழன்று மறுபடியும் அணைப் பக்கமே வரும். ஒரு தென்னை மட்டையைப் போட்டுப் பாருங்க, அது முங்கி முங்கி அதே இடத்தில் சுத்திக்கிட்டு நிக்கும். ஆள் விழுந்தாலும் அதே கதிதான்.

தண்ணீர் வரும் நேரத்தையும் சொல்லிடுறேன். மேட்டூரில் திறந்தால் திருச்சிக்கு வர ஏறக்குறைய மூணு நாள் ஆகும். அது ஆறு காய்ஞ்சு கிடக்கும்போது. ஆனால் கொள்ளிடம் வெள்ள வடிகால். காவிரியில் தாங்காத தண்ணியை முக்கொம்பில்தான் கொள்ளிடத்துக்குத் திருப்புவார்கள். முக்கொம்பு ஸ்ரீரங்கத்துக்குக் கொஞ்ச தூரத்தில் மேற்கே இருக்கு. அங்கே மதகைத் தூக்கினால் சில மணி நேரத்தில் இங்கே மட்டம் ஏறிடும். காலையில் நடந்து போய் உட்கார்ந்த மணல் திட்டு மத்தியானம் தீவாகிவிடும். வானம் வெளுத்து வெயில் அடிக்குது, மழையே இல்லையேன்னு நம்பாதீங்க. குடகில் பெய்த மழைதான் இங்கே வெள்ளமா வருது. வர்றதுக்கு முன்னாடி மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்திருக்காங்கன்னு செய்தியில் ஒரு தரம் பார்த்துட்டு வாங்க. நாங்க நாத்து விடுறதுக்குப் பார்க்கிற கணக்குதான் அது.

எங்க ஊர் வலைக்காரர் ஒருவர் ரொம்ப நாளா வீச்சு வலை போடுகிறவர். வலைக்கயிற்றைக் கையில் முடிச்சுப் போட மாட்டார். தளர்வா ஒரு வளையமா மாட்டியிருப்பார், கையை உதறினால் கழண்டுவிடும். ஏன்னு கேட்டால் அவர் சொல்றது இதுதான்: "வலை போனா கடன் வாங்கலாம் தம்பி. நான் போனா என் பொண்டாட்டி யார்கிட்ட கடன் வாங்குவா?" ஈயக்குண்டு கோர்த்த நல்ல வலை சில ஆயிரம் ரூபாய். அது கம்பியில் மாட்டிக் கிழிந்தால் அவருக்கு அன்றைய கூலி போச்சு, அதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்த ரெண்டு நாள் கூலியும் போச்சு. அவரே விட்டுட்டு வர்றார். 400 ரூபாய் ரப்பர் தவளைக்காக நீங்க எதுக்கு இறங்கணும்?

அவர் வலைக்கு இப்போது புதுசா ஒரு எதிரியும் உண்டு. நீங்க வீட்டு மீன் தொட்டியில் வளர்க்கிற 'டேங்க் கிளீனர்' மீன். தொட்டிக்குப் பெரிசாயிட்டா பாவம்னு சொல்லி ஏரியிலோ குளத்திலோ விட்டுடுறீங்க. தென் அமெரிக்கா மீன் அது. உடம்பெல்லாம் ஓடு, செதிலெல்லாம் முள். வலையில் மாட்டினால் உருவ முடியாது, வலையை அறுத்துத்தான் எடுக்கணும். வாங்கித் தின்னவும் ஆள் இல்லை. தமிழ்நாட்டில் பல ஏரிக்காரர்கள் இதனால் புலம்புகிறார்கள். ஒரு ஏரி நிரம்பி வழிந்தால் அது அடுத்த வாய்க்காலுக்கு, வாய்க்காலில் இருந்து ஆற்றுக்கு. உங்க வீட்டு ஹாலில் ஆரம்பிச்ச விஷயம் அவர் வலையில் வந்து முடியுது.

ராடு விஷயத்தில் இன்னொன்று. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். ஆற்றைத் தாண்டிப் போகிற மின்கம்பிக்குக் கீழே நின்று வீசாதீர்கள். ஐப்பசியில் இடி இடிக்கும்போது ராடைக் கீழே போட்டுட்டுக் கரையேறுங்கள். முள் விரலில் ஏறிவிட்டால் வந்த வழியே இழுக்காதீர்கள், கொண்டி சதையைக் கிழித்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துக்கொண்டு டிடி ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். கெளுத்தியைக் கழட்டும்போது துணி சுற்றிப் பிடியுங்கள். அதன் முள் குத்தினால் அன்னைக்கு ராத்திரி தூக்கம் இல்லை.

சரி, அறுத்து விடுங்கன்னு சொல்லியாச்சு. இதைப் படிக்கிற எங்க ஊர்க்காரங்களே என்னைத் திட்டுவாங்க. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கு. அந்தக் காலத்தில் வலை என்றால் பருத்தி நூல். பனிச்சங்காய்ச் சாறில் ஊறப் போட்டு உறுதி ஏற்றுவார்கள். அப்படி ஏற்றியும், ஆற்றில் தொலைந்தால் கொஞ்ச நாளில் இற்றுப் போகும். நைலான் நரம்பு இற்றுப் போகாது. கண்ணுக்கும் தெரியாது. அறுந்து போன வலை யாரும் இல்லாமலே மீன் பிடித்துக்கொண்டே இருக்கும், அந்த மீன் செத்து நாறும். நீர்க்காகம், நாரை காலில் சுற்றும். மேய்ச்சலுக்கு இறங்கிய மாட்டுக் காலில் முள் ஏறும். போன வருஷம் என் மோட்டார் தண்ணி எடுக்கலைன்னு ஃபுட்வால்வைக் கழட்டிப் பார்த்தால் கை நிறைய நரம்பு, அதுல ரெண்டு முள், ஒரு தக்கை. வாழை ரெண்டு நாள் காஞ்சுது. யார் போட்டதுன்னு எனக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது.

இதனால்தான் எங்க ஊரில் சிலர், வெளியாள் யாரும் தூண்டில் போடவே கூடாதுன்னு போர்டு வைக்கணும் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் பாசம் மட்டும் இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத ஆறு யாருக்கு வசதி? மணல் லாரிக்கு. வெடி போட்டு மீன் பிடிக்கிறவனுக்கு. மருந்து கலக்குறவனுக்கு. ரெண்டுமே 1897-ல் வந்த மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். சட்டம் இருந்து என்ன, பார்க்க ஆள் வேணுமே. ஞாயிற்றுக்கிழமை கரையில் நாற்பது பேர் தூண்டிலோட உட்கார்ந்திருந்தா, நாற்பது ஜோடிக் கண்ணு ஆத்தைப் பார்க்குது. கையில் கேமரா போனும் இருக்கு. திருச்சியில் இருக்கிறவருக்குக் கொள்ளிடத்தில் ஒரு சொந்த இடம், சொந்த நினைவு இருந்தால்தான் அந்த ஆற்றுக்கு ஒன்று என்றால் கேள்வி கேட்பார். விவசாயி மட்டும் கத்தினால் யார் காதில் விழுது?

அதனால் வாங்க. ஆனா சில கணக்கோட வாங்க. கத்தியோ சின்னக் கத்திரியோ கையில் இருக்கட்டும். சிக்கினால் எட்டும் தூரம் வரை நரம்பைச் சுற்றி இழுத்து, முடிஞ்ச மட்டும் தண்ணிக்குப் பக்கத்தில் அறுங்க. கரையில் வெட்டிப் போடும் துண்டு நரம்பைப் பாட்டிலில் போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. தூண்டில் சாமான் விற்கும் கடைக்காரர்கள் கடை வாசலில் பழைய நரம்பு போட ஒரு டப்பா வைத்தால் புண்ணியமாப் போகும். தனியா வராதீங்க. குழந்தைகளைக் கூட்டிட்டு வந்தா வாய்க்கால் ஓரம் உட்கார வையுங்க. மண்புழுவும் மூங்கில் கழியும் போதும், ஜிலேபி கிடைக்கும். இறங்கித் துறை கேட்கணும்னா கரையில் இருக்கிற ஊர்க்காரரைக் கேளுங்க. எங்களுக்கும் எல்லாப் பள்ளமும் தெரியாது. தெரிஞ்சதைச் சொல்லுவோம்.

மிச்சம் இருக்கிறது, அறுத்து விட்டதை யார் எடுப்பது என்கிற கேள்வி. அதுக்கு ஆறே ஒரு வழி வைத்திருக்கிறது. ஜனவரி 28 வாக்கில் மேட்டூரை அடைப்பது வழக்கம். அதற்குப் பிறகு மாசி, பங்குனியில் கொள்ளிடம் முழுக்க மணல்தான். நடந்தே அக்கரைக்குப் போகலாம். ஆடியில் உங்கள் முள்ளைப் பிடித்து வைத்திருந்த கட்டை, கம்பி, பள்ளம் எல்லாம் அப்போது வெளியே கிடக்கும். அப்போ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வாங்க. ராடு வேண்டாம், ஆளுக்கு ஒரு சாக்கும் ஒரு கத்தியும் போதும். மாட்டியிருக்கிற நரம்பையும் வலையையும் அறுத்து எடுத்துடலாம். எந்த இடத்தில் இறங்கக் கூடாதுன்னு அடுத்த ஆடிக்கு உங்களுக்கே தெரிஞ்சிடும். மத்தியானச் சாப்பாடு எங்க வீட்டில், வாழை இலை எங்க தோட்டத்துல இருந்து.