ஏழு நிமிஷ மந்திரம்

"நியூஸ் ரீல் போட்டாச்சா?"

கொட்டகைக்குத் தாமதமாக ஓடிவரும் ரசிகர், டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்கும் முதல் கேள்வி ஒரு காலத்தில் இதுவாகத்தான் இருந்தது. நெய்யாற்றின்கரையிலும் சரி, எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்திலும் சரி, "இப்பத்தான் ஓடுது" என்று பதில் வந்தால் நிம்மதி. இன்னொரு பீடி இழுத்துவிட்டு உள்ளே போகலாம். அணைக்கட்டு, வெள்ள நிவாரணம், மந்திரி ரிப்பன் வெட்டுவது – இவற்றைப் பார்க்க யாரும் காசு கொடுத்து வரவில்லை. ஆனால் சர்க்கார் உத்தரவு. மத்திய சர்க்கார் 1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் அனுப்பும் குறும்படங்களை ஒவ்வொரு காட்சியிலும் திரையிட்டாக வேண்டும் என்பது கொட்டகை லைசென்சின் நிபந்தனை. அதற்கு வசூலில் நூற்றுக்கு ஒன்று வாடகையும் கட்ட வேண்டும்.

இப்படிப் பத்தியச் சாப்பாடு போட்ட அதே நிறுவனம்தான் 1968இல் ஒரு விசித்திரமான படத்தையும் எடுத்தது. பெயர் 'எக்ஸ்புளோரர்'. தேடிப் போகிறவன் என்று பொருள் கொள்ளலாம். கறுப்பு வெள்ளைப் படம். ஓடும் நேரம் சுமார் ஏழு நிமிஷம். கதை இல்லை, வசனம் இல்லை, பின்னால் இருந்து விளக்கம் சொல்லும் அந்தக் கனத்த குரலும் இல்லை. இளைஞர்கள் தன்னை மறந்து ஆடுகிறார்கள். ஆராய்ச்சிக்கூடக் கருவிகள் வருகின்றன. வழிபாடு வருகிறது. நடுநடுவே தாந்திரிகச் சக்கரங்களும் எந்திரக் கோடுகளும் மின்னல் வெட்டினாற்போலத் தோன்றி மறைகின்றன. கண் ஒன்றைப் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். விஜய் ராகவ ராவின் இசையும் காதுக்குப் பழகிய பாட்டாக இல்லை.

எடுத்தவர் பிரமோத் பதி. ஒரிஸ்ஸாக்காரர். பிராக் நகரம் வரை போய், பொம்மைப் படங்களில் பேர்பெற்ற யிர்ஷி டிர்ன்காவிடம் பயின்று வந்தவர். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரப் படத்தைக்கூட விளையாட்டுப் போல எடுத்துக் காட்டியவர். 1975இல், நாற்பத்து மூன்று வயதைத் தாண்டாமலே இறந்துபோனார். மேல்நாட்டுக் கலைக்கூடங்களில் இன்று அவர் படங்களை மரியாதையோடு திரையிட்டுப் பேசுகிறார்கள். எந்த ஜனங்களுக்குக் காட்டவென்று பிலிம்ஸ் டிவிஷன் ஏற்பட்டதோ, அந்த ஜனங்களுக்குத்தான் அவர் பெயர் தெரியாது.

மந்திரச் சக்கரத்தைச் சர்க்கார் செலவில் திரையில் ஓடவிடலாமா என்று ஒருவர் கேட்டால் அதை அலட்சியம் செய்ய முடியாது. கேரளத்தில் பிழைக்க வந்த தமிழருக்கு அந்தக் கேள்வி கேட்க அதிக உரிமை உண்டு. 2022 அக்டோபரில் பத்தனம்திட்டா மாவட்டம் இலந்தூரில் இரண்டு பெண்களின் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. செல்வம் பெருகும் என்ற ஆசையில் நரபலி கொடுத்தார்கள் என்பது போலீசாரின் வழக்கு. இருவரில் ஒருவர் தர்மபுரி மாவட்டத்திலிருந்து வந்து, கொச்சியில் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்த தமிழ்ப் பெண். ஊர்விட்டு ஊர் வந்து, வெயிலில் நின்று, பிறருடைய அதிர்ஷ்டத்தை விற்றுக்கொண்டிருந்தவர். அவரைக் காணோம் என்று குடும்பத்தார் போலீசில் புகார் கொடுத்த பிறகுதான் விஷயமே வெளியே வந்தது.

மந்திரவாதக் கொடுமையைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையிலான கேரள சட்டச் சீர்திருத்தக் கமிஷன் 2019இலேயே மசோதா தயாரித்துக் கொடுத்திருந்தது. மகாராஷ்டிரம் 2013இலும் கர்நாடகம் 2017இலும் இப்படிச் சட்டம் இயற்றிவிட்டன. கேரள சர்க்காரோ, அந்த மசோதாவை மேற்கொண்டு நடத்துவதில்லை என்று மந்திரிசபை முடிவு செய்திருப்பதாக 2025இல் ஹைகோர்ட்டில் தெரிவித்தது. படிப்பறிவில் முதலிடம் என்று பெயர் வாங்கிய மாநிலத்தில் இது சங்கடமான சேதிதான்.

ஆகவே மந்திரம் என்ற பேச்சு வந்தாலே ஏழை ஜனங்கள் பயப்படுவதில் தவறில்லை. ஆனால் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். தகடு எழுதித் தருகிறேன், கடன் தீரும், பிரிந்தவர் சேருவார் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கறப்பவன் ஒரு பலனை வாக்குக் கொடுக்கிறான். அந்த வாக்கில்தான் விஷம் இருக்கிறது. பதியின் படம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. சக்கரத்தையும் காட்டுகிறது, சோதனைக் குழாயையும் காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் தத்தளிக்கும் வாலிபனையும் காட்டுகிறது. எது சரி என்று சொல்லாமல் விளக்கைப் போட்டுவிடுகிறது.

மேல்நாட்டில் இதற்கு நேர்மாறான ஆள் ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் கென்னத் ஆங்கர். 2023இல் தொண்ணூற்றாறு வயதில் காலமானார். அலிஸ்டர் கிரௌலி என்ற ஆங்கில மந்திரவாதியின் போதனைகளை வேதமாகக் கொண்டவர். படமெடுப்பதே மந்திரம் போடுவதுதான் என்பது அவர் கட்சி. 1969இல் வந்த அவருடைய பதினோரு நிமிஷப் படத்துக்கு 'என் பிசாசுச் சகோதரனை அழைத்தல்' என்று பெயர். இசை போட்டவர் பாட்டுக்காரர் மிக் ஜாக்கர். 'லூசிபர் ரைசிங்' என்ற இன்னொரு படத்துக்காக எகிப்துக் கோயில்களுக்கே போய்ப் படம் பிடித்தார். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் அவர் பார்ப்பவனை மயக்கப் பார்க்கிறார். பதி பார்ப்பவனை உலுக்குகிறார். எல்லையோரத்து ஜனங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

"இதெல்லாம் படித்தவர்களுக்கு, நம் ஆட்களுக்கு விளங்காது" என்று சொல்லக்கூடியவர்களைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பாறசாலை சுற்றுவட்டாரத்து மனிதர்கள் யார்? கொடை விழாவில் மகுடத்தின் சத்தம் ஏற ஏற, சாமியாடியின் முகம் மாறுவதை நடுநிசியில் கண்கொட்டாமல் பார்த்தவர்கள். கள்ளியங்காட்டு நீலி கதையை வில்லுப்பாட்டில் கேட்டு, சுண்ணாம்பு கேட்டு வழிமறிக்கும் பெண்ணை நினைத்துச் சிறு வயதில் இருட்டில் ஓடியவர்கள். வேகம், திரும்பத் திரும்ப வரும் அடி, கண்ணைக் கூசும் வெளிச்சம், திடீர் மௌனம் – பதி கையாளும் உத்திகள் எல்லாம் இவர்களுக்குப் பழகியவை. பலராமபுரத்துச் சாலியர் தெருவில் தறியடிப்பவருக்குத் தாளம் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. நெய்யாற்றங்கரையில் அருவிப்புறத்தில் 1888இல் சிவப் பிரதிஷ்டை செய்த நாராயண குரு, 1927இல் களவங்கோட்டில் விக்கிரகத்துக்குப் பதிலாகக் கண்ணாடியையே பிரதிஷ்டை செய்தார். அதற்கும் முன்பே, குமரி மண்ணில், அய்யா வைகுண்டர் வழிவந்த பதிகளில் நிலைக்கண்ணாடி வைத்து வணங்கும் வழக்கம் உண்டு. பேய்க்கும் மந்திரவாதிக்கும் பயந்து பலி கொடுத்துக்கொண்டிருந்த ஜனங்களை அதிலிருந்து விலகச் சொன்னவர்கள் இந்த இருவரும். சாமியைத் தேடி வந்தவனுக்கு அவன் முகத்தையே காட்டுவதைவிடப் புதுமையான சோதனை எந்தப் படத்தில் இருக்கிறது? அதைத் தலைமுறை தலைமுறையாகப் புரிந்துகொண்டவர்களுக்கு ஏழு நிமிஷப் படம் புரியாதாம்!

திருவனந்தபுரத்தில் 2008 முதல் டாக்குமெண்டரி, குறும்படங்களுக்கென்றே சர்வதேச விழா நடந்து வருகிறது. நல்ல காரியம். பாறசாலையிலிருந்து பாஸஞ்சரில் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் கொத்து வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் போகிற தமிழன், கூலியை இழந்து, பாஸ் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அங்கே போவானா? குமாஸ்தா போவதானாலும் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். படம்தான் அவனைத் தேடி வர வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. பிலிம்ஸ் டிவிஷன் 2022இல் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. எனவே கேட்க வேண்டிய இடம் ஒன்றே. பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கி வைத்த நூலக இயக்கத்தின் பயனாகக் கேரளத்தில் ஊருக்கு ஊர் வாயனசாலை இருக்கிறது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலும் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சம்பளத்துக்குப் பிந்திய ஞாயிறானால் இன்னும் நல்லது, இப்படிப்பட்ட படங்களை அங்கே போடலாம். இந்தப் படத்துக்குப் பேச்சே கிடையாது என்பதால் தமிழா மலையாளமா என்ற தகராறுக்கும் இடமில்லை. 1956இல் மொழிவாரியாகப் பிரித்தபோது குமரி அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமுமாகப் போன பிறகு, இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க இதைவிடத் தோதான படம் கிடைப்பது அரிது.

படம் முடிந்ததும் யாராவது எழுந்து, தகடு எழுதுகிறவனுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றிச் சொன்னால், அதையும் பேசவிட வேண்டும். இலந்தூரைப் பற்றியும் பேசவிட வேண்டும். பெரிய மனிதர் யாரையும் சொற்பொழிவுக்கு அழைக்க வேண்டாம். படத்தை மட்டும் இரண்டு முறை ஓட்ட வேண்டும். முதல் தடவை கண் பழகுவதற்கே போய்விடும்.