'கண்டறியப்படவில்லை'ன்னா, இல்லைன்னு அர்த்தமா?

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாசாமாசம் பி.பி. மாத்திரை வாங்கி அனுப்பும் மக்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் கெமிஸ்ட்ரி வரும், பயந்துடாதீங்க.

2018-ல் வல்சார்டான் என்ற பி.பி. மாத்திரையைப் பல நாடுகளில் திரும்பப் பெற்றார்கள். காரணம், அதில் கலந்திருந்த என்.டி.எம்.ஏ. என்ற அசுத்தம். புற்றுநோய் வரவழைக்கலாம் என்று கருதப்படுவது. அமெரிக்க எஃப்.டி.ஏ. வைத்த வரம்பு நாளைக்கு 96 நானோகிராம். 320 மில்லிகிராம் மருந்தில் அது 0.3 பி.பி.எம். அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை!

இதைத் தேடுவது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். அதற்கு ஒரு குணம் உண்டு. மின்னூட்டம் ஏறிய மூலக்கூறு மட்டும்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். ஏறாதது, இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஜான் ஃபென்னுக்கு 2002-ல் நோபல் வாங்கித் தந்த எலெக்ட்ரோஸ்ப்ரே முறை, புரதங்களுக்கு அருமை. என்.டி.எம்.ஏ. பொடிசு, மாஸ் வெறும் 74. அதில் சரியாக எடுபடாது. கூடவே மருந்தோ உப்போ வந்துவிட்டால், பந்தியில் பலசாலி இடம்பிடிக்கிற கதைதான். மின்னூட்டமெல்லாம் அங்கே போய்விடும்.

உடனே நம்ம மேனேஜர்கள் சொல்வது: "சென்சிடிவிட்டி பத்தலையா? புது மெஷின் வாங்கு." உருவாகாத அயனியை எத்தனை கோடி ரூபாய் டிடெக்டரும் பார்க்காது சார்! என்.டி.எம்.ஏ.வுக்கு ஏ.பி.சி.ஐ. முறையை முயன்று பார்க்கலாம். காலத்தில் அசுத்தத்தையும் மருந்தையும் நன்றாகப் பிரித்து, மருந்து வரும் நேரத்தில் வால்வைத் திருப்பி வேஸ்ட்டுக்கு விடலாம். சோர்ஸை ஒழுங்காகத் துடைக்கலாம். இதற்கெல்லாம் பணத்தைவிட, ஒரு கெமிஸ்டுக்கு நிம்மதியாக வேலை பார்க்க நேரம்தான் வேணும்.

என் கருத்து இதுதான். 'கண்டறியப்படவில்லை' என்ற வரிக்குப் பக்கத்தில், எந்த அளவு வரை பார்க்க முடிந்தது, அதே சாம்பிளில் தெரிந்த அளவு கலந்தபோது எத்தனை சதவீதம் திரும்பத் தெரிந்தது, இரண்டும் இருக்கணும். "அதான் வேலிடேஷனில் செய்தாச்சே" என்பார்கள். சோர்ஸ் தினமும் அழுக்காகுதே! அன்றைய சாம்பிளுக்கு அன்றைய கணக்குதான் பேசணும். அது இல்லாத ரிப்போர்ட்டை, பரீட்சை எழுதாதவன் ஃபெயில் ஆகலைன்னு சொல்ற மாதிரிதான் நான் எடுத்துக்குவேன்.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு யாரும் அப்பாவோட மாத்திரையை நிறுத்திடாதீங்க. சந்தேகம்னா டாக்டரைக் கேளுங்க.